பீரோவுக்குள் சிவப்புச் சோப்பு

கம்ப்யூட்டர் உயிரை விட்டபோது அவள் வாயில் பாதி ரொட்டி இருந்தது.

திரை ஒரு தடவை நீலமானது. அப்புறம் கறுப்பு. கறுப்பின் மூலையில் ஒரே ஒரு வரி: டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை. ரொட்டியை விழுங்கிவிட்டுப் பட்டனை அமுக்கினாள். அதே வரி. ஒயரைப் பிடுங்கிச் சற்றுப் பொறுத்துச் சொருகினாள். அதே வரி. தட்டினாள், கெஞ்சினாள், "சனியனே" என்றும் சொல்லிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் மசியவில்லை.

வெளியே மழை ஜன்னல் தகரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டின் முன்னறையைப் பட்டறை என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் கட்டில் அளவுக்கு ஒரு எம்பிராய்டரி மெஷின். சுவர் முழுக்க நூல் கண்டுகள். மூலையில், பேட்ஜுக்குப் பின்னால் பசைத்தாளை ஒட்ட ஒரு ஹீட் பிரஸ். அது ஓடத் தொடங்கினால் சுவரே சுடும். பள்ளிக்கூடச் சட்டைப் பைக்கு, ஆஸ்பத்திரி நர்சுகளின் தோளுக்கு, காவல்காரர்களின் தொப்பிக்கு என்று அந்த ஊரில் யார் மார்பில் என்ன சின்னம் இருந்தாலும், அது இந்த அறையிலிருந்து போனதாகத்தான் இருக்கும்.

மெஷினுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. ஊசி எங்கே இறங்கணும், எங்கே திரும்பணும், எங்கே நிறம் மாறணும் என்று ஒவ்வொரு தையலையும் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைத்துக் கொடுத்தால்தான் தைக்கும். அந்தப் புள்ளிகளை வைத்தவள் இந்த வீட்டு மருமகள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து வைத்துக்கொண்டிருந்தவள்.

இப்போது வைக்க முடியாது. மணிக்கட்டில் நரம்பு அழுந்தி, டாக்டர் கீறிச் சரிசெய்தும், வலது கையில் இரண்டு விரல்கள் மரக்கட்டையாகவே நின்றுவிட்டன. நூல் கோக்கலாம், துணி மாட்டலாம். மவுஸைப் பிடித்து மணிக்கணக்கில் புள்ளி வைப்பது மட்டும் முடியாது. வைத்தது வைத்ததுதான். அந்த ஃபைல்கள்தான் அவளுடைய பழைய கை.

அதில் ஒன்று தீயணைப்பு நிலையத்தின் பறவை. நெருப்புக்குள்ளிருந்து எழும்பும் பறவை; இறகுக்கு இறகு நிறம் மாறும். நாளை மறுநாள் காலை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அணிவகுப்பு. ஒவ்வொரு தோளிலும் பறவை இருந்தாக வேண்டும். ஆரஞ்சு நூல் வந்து சேர்ந்ததே நேற்றுச் சாயங்காலம்தான். இன்றைக்குக் காலையில் பென் டிரைவில் ஏற்றி மெஷினுக்குக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இந்தக் கூத்து.

மெஷினுக்கும் கொஞ்சம் ஞாபகம் உண்டு. அதைத் தட்டிப் பார்த்தாள். போன வாரம் தைத்த மழலைப் பள்ளியின் வாத்து மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

கணவனுக்குப் போன் போட்டாள். லிப்ட் மெக்கானிக். எடுத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் இருக்கும்.

"என்னங்க, கம்ப்யூட்டர் போச்சுங்க."

"எங்க போச்சு?"

"ஜோக்கடிக்கிற நேரமா? செத்துப் போச்சு. தீயணைப்பு ஆர்டர் கிடக்குது."

"இரு இரு, பதறாத. பொறுமையைக் கூப்பிடு. நான் ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கிட்டிருக்கேன். அதான் பீரோல டிசைன் காப்பி இருக்குல்ல? ஒண்ணுக்கு ரெண்டா!"

இருந்தது. அந்த நினைப்பு வந்ததும்தான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

*

பொறுமை என்பது கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரின் பட்டப்பெயர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் "பொறுமை, பொறுமை" என்றுதான் நுழைவார். அவர் வருவதற்குள் நமக்கு அது போய்விடும் என்பது வேறு விஷயம்.

அன்றைக்குத் தொப்பலாக நனைந்து வந்தார். ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து எடுத்த லேப்டாப் பை மட்டும் மூன்று பிளாஸ்டிக் கவருக்குள் காய்ந்து கிடந்தது.

கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து, ஃபைல்களையெல்லாம் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினார். காத்திருந்தார். வேறு ஒயரில் மாட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"தன் பேரைக்கூடச் சொல்ல மாட்டேங்குதும்மா."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, அண்ணே?"

"இதோட குணமே அதுதான். பழைய ஹார்டு டிஸ்க்னா சாகறதுக்கு முன்னாடி கரகரன்னு இருமும், முனகும், நாமளும் உஷாராயிடலாம். இது வேகமா ஓடும், கீழ விழுந்தாலும் தாங்கும், சத்தமே கிடையாது. போகும்போதும் சத்தமில்லாமப் போயிடும். காப்பி இருக்கா?"

"இருக்கு." அவள் குரலில் கொஞ்சம் பெருமையே இருந்தது. "ஒண்ணுக்கு ரெண்டு. நீங்க டப்பால போட்டுக் கொடுத்தீங்களே, பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டினது. ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏத்தி, டேப் ஒட்டி, பீரோல பூட்டி வெச்சிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் தொட்டதில்லை."

"தொட்டதே இல்லையா?" பொறுமை நிமிர்ந்தார்.

"தேய்ஞ்சிடக் கூடாதுல்ல?"

"முதல்ல எடுத்துட்டு வாம்மா" என்றார். அதில் வழக்கமான "பொறுமை" இல்லை.

சாவி கழுத்துச் சங்கிலியில் இருந்தது. பீரோ, ஹீட் பிரஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த அறையில் நின்றது. மேல்தட்டில் சிகரெட் பெட்டி அளவில் இரண்டு டப்பாக்கள், மேலே 'தொடாதே' என்று அவள் கையெழுத்து.

முதல் டப்பாவைப் பிரித்து மாட்டினார்கள். பெயர் தெரிந்தது. ஃபோல்டர்கள் தெரிந்தன. "அப்பாடா" என்றாள். பறவையைத் திறந்தார் பொறுமை. வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் திரையில் வந்தது பறவை இல்லை. தாறுமாறான கோடுகள், பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி. அடுத்ததைத் திறந்தார். படிக்க முடியவில்லை என்றது. அதற்கடுத்ததில் லேப்டாப்பே உறைந்து நின்றது.

"என்ன அண்ணே இது? பூட்டித்தானே வெச்சேன்!"

பொறுமை எழுந்துபோய்ப் பீரோவின் பின்பக்கத் தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"பூட்டி வெச்சதுதான்ம்மா வினை. இதுக்குள்ள எழுதறதுன்னா, பொடிப்பொடி அறையில கரண்டை அடைச்சு வைக்கிற மாதிரி. புதுசா இருந்தா வருஷக்கணக்குல தாங்கும். இது வருஷக்கணக்கா உழைச்சு ஓய்ஞ்சது. கரண்டே காட்டாம, சுடற சுவத்தை ஒட்டிப் போட்டா, கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு போயிடும். எனக்கும் இதுல பங்கு இருக்கு. கொடுக்கும்போதே அப்பப்ப எடுத்துப் போட்டுப் பாருன்னு சொல்லியிருக்கணும்."

"அப்போ ரெண்டாவதும்...?"

"ஒரே வயசு, ஒரே இடம்." இழுத்தார். "இருந்தாலும் பார்த்துடுவோம். பொறுமை."

இரண்டாவது டப்பாவின் டேப்பைப் பிரித்தாள்.

உள்ளே எஸ்எஸ்டி இல்லை.

அதே அளவில், அதே கனத்தில், கத்தியால் ஓரம் சீவி, கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. பிரித்ததும் அறை முழுக்க ஆஸ்பத்திரி வாசனை.

சோப்பு. சிவப்புச் சோப்பு.

அந்த வீட்டில் அந்த மருந்து சோப்பைப் போடுகிற ஆள் ஒரே ஒருத்தர்தான்.

"அத்தை!" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

*

மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு வார்த்தை உண்டு. ஆனால் அளந்து ஊற்றிய பேச்சு. டீ வேணுமா, வேணாம். மழை வரும்போல, ஆமாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இந்த இரண்டு எஸ்எஸ்டியிலும் காப்பி ஓடிக்கொண்டிருந்த நாளில், மாமியார் இஸ்திரிப் பெட்டிக்காக ஒயரைப் பிடுங்கிவிட்டார். பாதியில் நின்றது. முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. கை வலி உச்சத்தில் இருந்த நேரம், மருமகள் கத்திவிட்டாள்.

"உங்க கை பட்டா எதுவுமே உருப்படாது. இனிமே இந்த ரூம்ல எதையும் தொடாதீங்க."

அன்றைக்குப் பிறகு மாமியார் முன்னறையைத் தாண்டும்போது சேலையைக் கூட இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். இப்போது பத்து நாளாக வீட்டிலும் இல்லை. மகள் கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடக்கிறாள் என்று ஊரின் மறுகோடிக்குத் துணைக்குப் போயிருந்தார்.

மருமகள் போன் போட்டாள். மாமியாரே எடுத்தார்.

"அத்தை, அவளுக்குக் கால் எப்படி இருக்கு?"

"கால் இருக்கு, கட்டும் இருக்கு. என்ன இந்நேரத்துல?"

"பீரோல இருந்த ரெண்டாவது டப்பாவை நீங்க..."

"நான் எதுக்கும்மா எடுக்கப் போறேன்? என் கை பட்டா உருப்படாதே."

பின்னணியில் டுமீல் என்று ஒரு சத்தம். ஒரு கரகரத்த குரல், "நீ தப்பவே முடியாது" என்றது.

"அது என்ன சத்தம்?"

"செய்தி."

"செய்தியில துப்பாக்கி சுடறாங்களா?"

"இப்பல்லாம் செய்தியில வேற என்ன வருது?" போன் வைக்கப்பட்டது.

பொறுமை அதற்குள் லேப்டாப்பைக் கவருக்குள் திணித்துவிட்டார். அவள் போனில் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"எங்கம்மாவா? சேச்சே!" என்றது கிணற்றுக் குரல். கொஞ்சம் பொறுத்து, "டிவிக்குப் பென் டிரைவ் கேட்டுட்டே இருந்துச்சு. வாங்கித் தரேன்னு சொன்னேன்... மறந்துட்டேன்" என்றது.

"எப்போ கேட்டாங்க?"

"அது இருக்கும், ஒண்ணரை வருஷம்."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபோது நாத்தனாரிடமிருந்து செய்தி வந்தது. 'அண்ணி, போன்ல என்ன சொன்னீங்க? அம்மா டிவி பின்னாடி இருந்து எதையோ பிடுங்கி ஒளிச்சு வைக்கிறாங்க. முகமே சரியில்ல.'

"அண்ணே, பயத்துல எல்லாத்தையும் அழிச்சுட்டாங்கன்னா?" மழைக்கு மேலே கத்தினாள். "அழிச்சதைத் தோண்டி எடுத்துடலாம்ல?"

"பழைய டிஸ்க்னா எடுத்துடலாம்!" பொறுமையும் கத்தினார். "இது தானே துடைச்சுத் தானே பெருக்கி வைக்கிற ரகம்! அழிச்சா பெரும்பாலும் அழிச்சதுதான்!"

"கொஞ்சம் வேகமாப் போங்க!"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பொறுமை ஒரு பஸ்ஸை முந்தினார்.

*

நாத்தனார் வீட்டுக் கூடத்தில் டிவி அணைந்திருந்தது. அதன் பின்னால் ஒரு ஒயர் அநாதையாகத் தொங்கியது. மாமியார் சோபாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உலகத்தில் வெங்காயத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத முகம். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்த மகள், அம்மாவுக்குத் தெரியாமல் ஊன்றுகோலால் சமையலறைப் பக்கம் காட்டினாள்.

மருமகளுக்கு வரும் வழியெல்லாம் நாக்கு நுனியில் நின்ற வார்த்தைகள் நிறைய. வாசலில் காலைத் துடைத்தபோது ஒன்றும் வரவில்லை. கைப்பையிலிருந்து அந்தச் சிவப்புச் சோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவ்வளவுதான்.

மாமியார் சோப்பைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"கனம் சரியா இருந்துச்சா?" என்றார்.

"என்னது?"

"தூக்கிப் பார்த்தா தெரியக் கூடாதுன்னு சமையல் தராசுல நிறுத்து நிறுத்துச் சீவினேன். கண்ணு பார்த்து ஏமாறும், கை பார்த்து ஏமாறாதுன்னு அந்த இன்ஸ்பெக்டர் சொல்லுவான். வைரத்தை எடுத்துட்டு அதே கனத்துக்குக் கல்லை வெச்சான் ஒருத்தன். ஏழாவது கதையில."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா! துப்பறியும் தொடர் பார்த்துத் திருடக் கத்துக்கிட்டியா?"

"நீ சும்மா இருடி. திருட்டு என்ன திருட்டு, என் மருமக வீட்டுப் பொருள். அவன்தான் பென் டிரைவ் வாங்கித் தரேன் தரேன்னு இழுத்தடிச்சான். அது ரெண்டும் பூட்டுக்குள்ள சும்மா கிடந்துச்சு. ஒண்ணை எடுத்தேன். ஒண்ணு மீதி இருக்குல்ல?"

"சாவி என் கழுத்துல இருக்கே அத்தை?"

"நீ குளிக்கும்போது குழாய் மேல மாட்டிட்டு, மறந்துட்டு வந்துடுவியே."

"அத்தை, அதை விடுங்க." மருமகள் சோபாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "கம்ப்யூட்டர் போச்சு. மீதி இருந்த ஒண்ணும் போச்சு. என் டிசைன் எல்லாம் இப்போ அதுல மட்டும்தான் இருக்கு. இருக்கா? எதையாவது அழிச்சீங்களா?"

மாமியார் எழுந்துபோனார். சமையலறையில் டப்பா திறக்கும் சத்தம். மாவு படிந்த கையோடு வந்தார். குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பிக்குள் சுருட்டி, மாவு டப்பாவில் புதைத்திருந்த எஸ்எஸ்டி அந்தக் கையில் இருந்தது.

பொறுமை வாங்கி, சட்டைக்குள் உலர்ந்த இடம் தேடித் துடைத்து, லேப்டாப்பில் மாட்டினார். வெங்காய நெடியில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. எது எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாது.

பெயர் தெரிந்தது. 'இன்ஸ்பெக்டர்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குக் கீழே, மருமகளின் பெயரில், அவள் போட்ட வரிசையிலேயே, அவளுடைய ஃபோல்டர்கள்.

பறவையைத் திறந்தார்.

வட்டம் சுற்றக்கூட இல்லை. டக்கென்று சிறகை விரித்தது. நெருப்பு, கழுத்து, இறகுக்கு இறகு நிறம்; அலகின் ஓரத்தில் அவள் தனியாக வைத்த ஒற்றை வெள்ளைத் தையல்வரை அப்படியே. அடுத்ததைத் திறந்தார், திறந்தது. அதற்கடுத்தது, திறந்தது. காவல்காரர் தொப்பி, நர்சுகளின் விளக்கு, மூடிப்போன சோப்புக் கம்பெனியின் யானை, எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"ஒண்ணுகூட அழியலையேம்மா!" என்றார் பொறுமை.

"எப்படி அழியும்?" என்றார் மாமியார். "முனையில இருக்கிற செல்போன் கடைப் பொண்ணுதான் வாரா வாரம் பார்த்த கதையை எடுத்துட்டுப் புதுசு போட்டுக் கொடுப்பா. டிவியில மாட்டற ஒயரும் அவ கொடுத்ததுதான். முதல் நாளே கேட்டா, 'ஆன்ட்டி, இதுல நிறையக் குப்பை கிடக்கு, எதுவுமே திறக்கலை, அழிச்சுடவா?'ன்னு. அவ கையைப் பிடிச்சுட்டேன். அது குப்பை இல்லடி, எங்க வீட்டுப் பொண்ணோட கைன்னு சொன்னேன்."

மருமகள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரியெல்லாம் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவதானே நானு? இடம் பத்தலைன்னா என் கதையை எடுன்னு சொல்லிடுவேன். எத்தனையோ கதையில கொலைகாரன் யாருன்னே தெரியாமப் போயிடுச்சு."

பொறுமை லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "அம்மா, நீங்க எடுத்ததாலதான் இது பிழைச்சதுன்னு தோணுது. வாரா வாரம் இதுக்குள்ள கரண்டு பாஞ்சிருக்கு. படிக்கும்போது எது பலவீனமா இருக்குன்னு அதுவே பார்த்துச் சரிபண்ணிக்கும். புதுசு எழுதும்போது பழசையும் இடம் மாத்தி எழுதும். சுடற பீரோல இருந்தும் தப்பிச்சிருக்கு. அடிச்சுச் சத்தியம் பண்ண மாட்டேன். டிவியில இருந்து நீங்க வெடுக் வெடுக்குனு பிடுங்கினதுக்கே இது போயிருக்கலாம். பாதி உங்க புண்ணியம், பாதி அதிர்ஷ்டம்."

"வெடுக்குனு எல்லாம் பிடுங்கலை. மெதுவாத்தான் பிடுங்கினேன்."

"மெதுவாப் பிடுங்கினாலும் பிடுங்கறதுதான்ம்மா. டிவியை அணைச்சுட்டு அப்புறம் எடுங்க." எழுந்தார். "முதல்ல என் லேப்டாப்ல ஒரு காப்பி. போற வழியில புதுசா ரெண்டு வாங்கி அதுல ஒவ்வொண்ணு. அதுக்கப்புறம்தான் தையல். பொறுமை."

மருமகள் எதையும் காதில் வாங்கவில்லை. மாமியாரின் மாவுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல விரல்களுக்கும் மரத்த விரல்களுக்கும் நடுவில் அந்தக் கை சூடாக இருந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினாள்.

"என்னிக்கு? எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லை" என்றார், இரண்டு வருஷமாக அதை மட்டுமே ஞாபகம் வைத்திருந்த மாமியார். "மழையில வந்திருக்கீங்க. முட்டை வேக வைக்கிறேன், ஆளுக்கு ரெண்டு சாப்பிட்டுப் போங்க. அந்த ஆளு ரெண்டு பத்தாத ஆளு மாதிரி தெரியுது, மூணா போடறேன்."

பொறுமை மறுக்கவில்லை.

*

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து மெஷின் ஓடியது. ஊசிகள் மழையைவிட வேகமாக இறங்கின. ஃபிரேமுக்கு ஃபிரேம் பறவைகள் நெருப்பிலிருந்து கிளம்பின. லிப்டிலிருந்து இறங்கி வந்த கணவன், குற்றவாளிக் கூண்டில் இருப்பவனைப் போல நூல் நுனிகளை வெட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஹீட் பிரஸ்ஸை அவனே இழுத்து எதிர்ச்சுவருக்கு மாற்றினான், யாரும் சொல்லவில்லை. அணிவகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் தீயணைப்பு அதிகாரி வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போனார். இடையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

மகளின் கட்டைப் பிரித்த பிறகு மாமியார் வீடு திரும்பினார். வந்த அன்றே மருமகள் பீரோச் சாவியைச் சங்கிலியிலிருந்து கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"உங்களுக்கு ஒரு உத்தியோகம். புதுசு ரெண்டு இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை மாத்தி மாத்தி எடுத்துப் போடணும். பத்துப் படமாவது திறந்து பார்க்கணும். ஏதாவது திறக்கலைன்னா உடனே என்கிட்ட சொல்லணும்."

"என் கை பட்டா..."

"பட்டாத்தான் உருப்படும். போதுமா?"

மாமியார் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். முடிச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டர் கதை?" என்றார், சந்தேகத்தோடு.

"அதுக்குத் தனியா ஒண்ணு வாங்கியாச்சு. உங்க பிள்ளை செலவு. இதுல கலக்கக் கூடாது."

அன்றைக்கு வேலை முடிந்து, மெஷினுக்கு எண்ணெய் விட்ட கையோடு மருமகள் குளியலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் கூடத்தைக் கடந்தபோது, டிவியின் முன்னால் இருந்த மாமியார் மூக்கை உறிஞ்சினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. கொலைகாரனைக்கூட விட்டுவிட்டுத் திரும்பினார்.

"யாரது, என் சோப்பை எடுத்தது?"

"நான்தான் அத்தை. அந்த ஓரம் சீவின துண்டு."

"ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கக் கூடாதா?"

மருமகள் நின்றாள். மருந்து வாசனை அடிக்கும் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"என் அத்தை வீட்டுப் பொருள்" என்றாள். "சும்மாதானே கிடந்துச்சு?"

மாமியார் டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கட்டத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். மாமியாரின் தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி அடங்கியது.